எல்லாம் தேவரீருடையதே

இணையத்தில் கடையின் பெயரைப் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெயரை யார் பெயரில் பதிவு செய்தீர்கள்? பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வெப்சைட் போட்ட பையன் பேர்ல இருக்குங்க. தெரிஞ்ச பையன்தான்." அந்தத் 'தெரிஞ்ச பையன்தான்' காதில் விழுந்தாலே எனக்குத் தலை விண்ணென்று வலிக்கும். வீடு கட்டிய கொத்தனார் பேரில் யாராவது பத்திரம் பதிவார்களா? கொத்தனார் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் பதிய மாட்டார்கள். ஆனால் இணைய முகவரி என்றால் மட்டும், கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம்தானே என்று தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். பிறகு தென்னூரில் என் வக்கீல் அலுவலகத்துக்கு மாடியேறி வந்து மூச்சு வாங்குவார்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து அந்த மாமாவும் மாமியும் வந்தபோதும் இதே பதில்தான், கொஞ்சம் வேறு தமிழில் வந்தது. "நம்ம கோஷ்டியில சேவிக்கறவர்தான். ரொம்ப சாது. அவரே எல்லாம் பண்ணிக் குடுத்துட்டார்" என்றார் மாமா. கோஷ்டி என்றால் கோயிலில் வரிசையாக நின்று பாசுரம் சொல்லும் கூட்டம். மாமா ஒரு வரிசையிலும் அந்த சாது எதிர் வரிசையிலும் நிற்பார்களாம். மாமியோ, சாது என்ற சொல் வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்போதே விஷயம் பாதி விளங்கிவிட்டது.

விற்கிற பொருள் ரசப்பொடி. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீடுகளில் ரசம் என்று சொல்ல மாட்டார்கள், சாத்துமது என்பார்கள். மாமியுடைய பொடியின் பெயரில் பின்பாதி அதுதான். முன்பாதியை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் நாலு பேராவது இணையத்தில் தட்டிப் பார்ப்பீர்கள், நேரே அந்த சாதுவின் கடையில் போய் நிற்பீர்கள். இந்தச் சாத்துமதுவை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதிலேயே எனக்கு ஒரு வாரம் போயிற்று. பொட்டலத்தில் ஒரு மாதிரி, வணிகச் சின்னச் சான்றிதழில் வேறு மாதிரி, இணைய முகவரியில் மூன்றாவது மாதிரி. மூன்றும் ஒரே சொல்தான் என்று தமிழ் தெரியாத ஒருவருக்கு நிரூபிக்க வேண்டும். கடைசி இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து 'மது' என்றால் சாராயம்தானே என்று கேட்டுவிடப் போகிறார்களே என்று வேறு எனக்குப் பயம்.

பொடி மாமியுடையது. மிளகாய் காயவைப்பதிலிருந்து பொட்டலம் ஒட்டுவது வரை அவர் கைதான். ஆனால் சின்னம் பதிவானது மாமாவின் பெயரில். ஏன் என்று கேட்டேன். ஆடிட்டர் யார் பேருக்கு என்று கேட்டாராம், இவர் பேருக்கே போட்டுடுங்கோ என்று மாமி சொன்னாராம். நம் ஊரில் கேஸ் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் மற்றதெல்லாம் இருக்கும். அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை, என் அம்மாவின் தையல் கடைக்கும் அத்தா, அதாவது என் அப்பா, பேரில்தான் லைசென்ஸ் இருந்தது.

முதல் சில வருடங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. சாது வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வார், வரும் ஆர்டர்களை மாமியிடம் சொல்வார், மாமி பொட்டலம் போட்டு அனுப்புவார். ஆர்டர் பெருகியபோது மாமிக்குக் கை ஓயவில்லை, அனுப்பத் தாமதமாயிற்று. அப்போது அந்த மனிதர் யாரையோ வைத்துத் தானே பொடி அரைத்து, அதே பெயரில், அதே படத்தைப் போட்டு அனுப்பத் தொடங்கிவிட்டார். மாமிக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், பெங்களூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்திருக்கிறார். ரொம்பத் தயங்கித் தயங்கி, மாமி, இந்தத் தடவை பொடியில் பூண்டு வாசனை வருகிறதே என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஐயங்கார் வீடுகளில் பூண்டு வாசலைத் தாண்டாது. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிவிட்டுத்தான், அதாவது படைத்துவிட்டுத்தான், அவர்கள் சாப்பிடுவார்கள், பூண்டு போட்டது அதற்கு ஆகாது. மாமியின் பெயரை நம்பி வாங்கி, தெரியாமல் அந்தப் பொடியில் சாத்துமது வைத்துப் பெருமாளுக்குக் காட்டியவர்கள் எத்தனை பேரோ என்பதுதான் அவர் கவலை. "விக்கறது போனாப் போறது. என் பேர்ல பூண்டு போகக் கூடாது" என்றார். என் வீட்டில் பூண்டைத் தட்டிப் போடாமல் ரசம் வைத்தால் யாரும் கையை நனைக்க மாட்டார்கள். இருந்தாலும் எனக்கு அவர் சொன்னது புரிந்தது. பின்னாளில் மாமி எனக்குக் கொடுத்தனுப்பிய பொடியிலும் நாங்கள் பூண்டு தட்டிப் போட்டுத்தான் ரசம் வைத்தோம் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

சாதுவைக் கேட்டதற்கு அவர் அமைதியாகச் சொன்னாராம், வெப்சைட் என் பேரில்தானே இருக்கிறது மாமா, அதில் நான் எதை விற்றால் என்ன என்று.

'டாட் காம்' என்று முடியும் பெயர்களுக்குச் சண்டை வந்தால் அதைத் தீர்க்க வெளிநாட்டில் மன்றங்கள் இருக்கின்றன. எல்லாம் மின்னஞ்சலிலேயே நடக்கும். கோர்ட் படி ஏற வேண்டாம், வாய்தா கிடையாது, யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். மூன்றை நிரூபித்தால் போதும். அந்த முகவரி உங்கள் சின்னத்தைப் போலவே இருக்கிறது. அதை வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை கிடையாது. கெட்ட எண்ணத்தோடுதான் அவர் அதைப் பதிவு செய்தார், கெட்ட எண்ணத்தோடுதான் பயன்படுத்துகிறார். இந்த மூன்றாவதுதான் கழுத்தறுப்பு. இன்றைக்கு அவர் எண்ணம் கெட்டுப்போயிருந்தால் போதாது, பதிவு செய்த அன்றைக்கே கெட்டிருக்க வேண்டும். அத்தா எதற்கெடுத்தாலும் "நிய்யத்து என்னன்னு பாரு" என்பார். நிய்யத் என்றால் மனசுக்குள் வைக்கும் எண்ணம். அதை அல்லாஹ் ஒருவன்தான் அறிவான் என்றும் அவரே சொல்வார். அல்லாஹ் மட்டும் அறிந்ததை நான் இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று எண் போட்டு அனுப்ப வேண்டும். இதுதான் என் பிழைப்பு.

மனுவில் நானே கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் நடந்தது இன்னது என்று சொல்லும் வாக்குமூலம் சின்னத்துக்கு உரியவரான மாமாவிடமிருந்து வர வேண்டும். எழுதிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். 'எதிராளி கெட்ட எண்ணத்துடன்' என்ற இடம் வந்ததும் மாமா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அதை நான் சொல்ல முடியாது வக்கீலம்மா. பாகவத அபசாரம்."

பெருமாளை நிந்தித்தால்கூட அவர் பொறுத்துக்கொள்வாராம், அவருடைய அடியார் ஒருவரை நிந்தித்தால் பொறுக்கவே மாட்டாராம். கோஷ்டியில் எதிரே நிற்பவரைப் பற்றி எண்ணம் கெட்டவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் அவர் முகத்தைப் பார்த்துப் பாசுரம் சொல்ல நாக்கு எழும்புமா என்று கேட்டார். அதோடு, அன்றைக்கு அவர் மனசு கெட்டிருந்தது என்பதே பொய் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம். அந்த மனிதர் நல்ல மனசோடுதான் செய்தாராம். கார்டு இல்லை, மெயில் இல்லை என்று மாமா விழித்தபோது உங்களுக்கு எதற்கு சிரமம் என்று தன் பேரிலேயே போட்டுக்கொண்டாராம்.

எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. கட்சிக்காரரே எதிராளிக்கு நற்சான்றிதழ் கொடுத்தால் வக்கீல் எதற்கு? மாமாவிடம் அதை நேராகவே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, உண்மையைச் சொல்லத்தானே வக்கீல் என்றார். கடைசியில் ஒருவழியாக, நடந்ததை மட்டும் அவர் வாக்குமூலத்தில் வைத்தேன். கெட்ட எண்ணத்தை என் வாதத்தில் வைத்துக்கொண்டேன். "நீங்க எழுதிக்கறது உங்க அபிப்ராயம்" என்றார் மாமா, அந்த அபசாரத்தை என் கணக்கில் எழுதிவிட்ட நிம்மதியோடு.

கையெழுத்து வாங்க நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். நெற்றியில் திருமண், கையில் தொன்னை. கோயில் பிரசாதம் கொண்டுவந்திருந்தார். மாமா எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வந்தவர் என்னையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். யார் மாமா என்று கேட்டேன். அவர்தான் என்றார். எவர்தான்? நாம் யார் மேல் மனுப் போடுகிறோமோ அவர்தான். நான் பேனா மூடியைக் கடித்தேன். சமையலறையில் ஏதோ பாத்திரம் வேண்டுமென்றே ஓங்கி வைக்கப்பட்டது. அந்தச் சத்தம் மட்டும்தான் அந்த வீட்டில் என் கட்சியில் இருந்தது.

மனு போயிற்று. அதில் பூண்டுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதினேன். உலகத்தில் பாதிப் பேர் பூண்டு உடம்புக்கு நல்லது என்று விழுங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண்மணியின் பொடியில் பூண்டு கலந்தது ஏன் அவர் பெயருக்கே இழுக்கு என்று ஆங்கிலத்தில் விளக்குவது எளிதில்லை. எழுதி முடித்துப் படித்தபோது ஒரு சுமாரான சமையல் புத்தகத்தின் முன்னுரை போல இருந்தது. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. எதிராளி பதிலே போட மாட்டார் என்று நினைத்தேன். நிறையப் பேர் போடுவதில்லை.

அவர் போட்டார். சென்னையில் ஒரு வக்கீலை வைத்துப் பிரமாதமாகப் போட்டிருந்தார். அந்தப் பெயரைப் பதிவு செய்ய மாமாவே சொன்னார், பிறகு அதன் முழு உரிமையையும் மாமாவே எழுத்து மூலம் தனக்கு விட்டுக்கொடுத்தார் என்பது அவர் வாதம். ஆதாரமாக மாமா அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தி ஒன்று, கீழே அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதற்கடியில் நோட்டரி முத்திரை.

வெப்சைட் திறந்த அன்று மாமா நன்றி சொல்லி அனுப்பியிருந்த செய்தி அது. "அடியேன் தாஸன். தேவரீர் செய்த கைங்கர்யத்துக்கு அடியேனால் என்ன கைம்மாறு செய்ய முடியும்? அடியேனுடையது என்று ஒன்றுமில்லை. எல்லாம் தேவரீருடையதே."

ஸ்ரீரங்கத்தில் இது சாதாரணக் கடிதம். அந்தக் கோஷ்டியில் நிற்கும் யாரும் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்வதில்லை, அடியேன்தான். எதிரே இருப்பவர் தேவரீர்தான். நாளைக்குப் பூ வாங்கி வரவும் என்பதைக்கூட இப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் மொழிபெயர்ப்பில் அது என்ன ஆகியிருந்தது தெரியுமா? நான் உங்கள் அடிமை, எனக்கென்று எந்தச் சொத்தும் இல்லை, என்னுடைய அனைத்தும் உங்களுக்கே உரியவை. ஒரு வரியிலும் பிழை சொல்ல முடியாது. சொல்லுக்குச் சொல் சரி. மன்றத்தில் முடிவு சொல்லப்போகும் வெளிநாட்டுக்காரர் இதைப் படித்தால், மாமாவைச் சாதுவிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஆள் என்று நினைப்பார், அல்லது முதலாளிக்குச் சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் மனம் மாறியவர் என்று நினைப்பார்.

நான் நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து அறை குமாஸ்தா எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. இப்படி எழுதிய மாமா மேலா, இதை எடுத்துக் கோர்த்த சாது மேலா? அவருக்கு இந்தச் சொல்லின் பொருள் தெரியாதா? தினமும் அவர் வாயிலும் அதுதானே வருகிறது? தெரிந்தே, தெரியாத ஒருவர் முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பதிவு செய்த அன்றைக்கு எண்ணம் எப்படி இருந்ததோ, இந்தத் தாளைக் கோர்த்த அன்றைக்கு நிய்யத் எப்படி இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மன்றம் கேட்பது முதல் நாளைத்தான்.

இதற்கு மறுமொழி போட அனுமதி கேட்டு வாங்கினேன். தேவைப்பட்டதெல்லாம் ஒரு சின்ன வாக்குமூலம். 'இது எங்கள் வழக்கப்படி மரியாதைக்காக எழுதியது, வேறு பொருள் கிடையாது' என்று இரண்டு வரி. மாமா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. போனில் சொன்னால் சரிவராது என்று பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. அந்த இரண்டு வரியை மடியில் வைத்துக்கொண்டு, இதிலாவது மாமா சிக்கல் பண்ண மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நிதானமாகப் படித்தார். பிறகு மேஜையில் வைத்துவிட்டார்.

"மரியாதைக்காகன்னா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு மாமா. எங்க வீட்ல யாராவது வந்தா, உங்க வீடா நினைச்சுக்குங்கன்னு சொல்றோம். அதுக்காக யாரும் பத்திரம் எழுதிக்கிட்டுப் போறதில்லையே. அது மாதிரின்னு சொல்றோம், அவ்வளவுதான்."

"அது சும்மா சொல்றது. இது அப்படி இல்லையே." கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார். "அடியேன்னு நான் சொல்றது வெறும் பேச்சு, அதுக்கு அர்த்தமே கிடையாதுன்னு கையெழுத்துப் போடச் சொல்றேள். அப்போ தினமும் கார்த்தால கோயில்ல போய் நின்னுண்டு நான் யார்கிட்ட பொய் சொல்லிண்டிருக்கேன்?"

நான் வாதாடிப் பார்த்தேன். உங்களுக்கு அர்த்தம் இருக்கட்டும் மாமா, ரசப்பொடி வியாபாரத்துக்கு அந்த அர்த்தம் கிடையாது என்றாவது எழுதலாம் என்றேன். எல்லாம் என்று எழுதிவிட்டுப் பொடியை மட்டும் விலக்கினால் அது எல்லாம் ஆகுமா என்று கேட்டார். அப்படியானால் நிஜமாகவே வெப்சைட்டை அவருக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். கொடுக்கவில்லை என்றார். கொடுக்கவில்லை என்றால் அந்த வரி பொய்தானே? பொய் இல்லை என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் குற்ற உணர்ச்சியே இல்லாமல் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் என்னை ஏய்க்கவில்லை. அவருக்கு அங்கே உட்கார இடம் இருந்தது, எனக்குத்தான் இல்லை.

மாமி சமையலறை நிலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "என் பேரு போயிடுமா?" என்று மட்டும் கேட்டார். முயற்சி பண்றேன் மாமி என்றேன். வக்கீல்கள் முயற்சி பண்றேன் என்றால் என்ன பொருள் என்று அவருக்கும் தெரியும்.

மாமாவின் கையெழுத்து இல்லாமல், அந்த மரபைப் பற்றி நானே எழுதி அனுப்பினேன். தலையில் தொப்பி போட்டுத் தொழும் வீட்டில் பிறந்தவள், வைணவ அடக்கத்தைப் பற்றி யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் உபந்நியாசம் செய்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. முடிவும் வந்தது. மனு தள்ளுபடி. அந்தச் செய்தி வெறும் மரியாதை என்று வக்கீல் சொல்கிறாரே தவிர, எழுதியவர் அப்படிச் சொல்லவில்லை. பதிவு செய்த நாளில் கெட்ட எண்ணம் இருந்ததாகக் காட்டப்படவில்லை. இது இரு தரப்புக்கும் இடையிலான ஏற்பாடு பற்றிய தகராறு, உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகவும். இவ்வளவும் மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில் இருந்தது. எரிச்சலில் இரண்டு நாள் வீட்டில் எல்லோர் மேலும் விழுந்தேன்.

சொல்ல வேண்டுமே என்று ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். மாமா கேட்டுவிட்டு, பெருமாள் திருவுள்ளம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி பேசினார். அவர் குரல் உயரவில்லை.

"பெருமாளை ஏன் இழுக்கறேள்? ஊர்ல இருக்கறவா அத்தனை பேருக்கும் அடியேன்னு எழுதறேள், எல்லாம் தேவரீரோடதுன்னு எழுதறேள். அந்தப் பொடியை இடிச்சுக் கை காந்தினவ நான். எனக்கு ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பேளா?"

மாமா அவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். எனக்கு அங்கே இருக்கவே சங்கடமாக இருந்தது. போயிட்டு வரேன் என்று யாரிடம் என்று இல்லாமல் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வழக்கு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாமா போன் செய்தார். குரல் வழக்கமான குரல்தான். சின்னத்தை மாமியின் பேருக்கு மாற்ற என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். இத்தனை தாள் கிழித்த பிறகு இப்போதா என்று எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு யோசித்தபோது, அதில் வழி இருந்தது. சின்னம் மாமியுடையது ஆனால் இங்கேயே கோர்ட்டில் மாமியே வழக்குப் போடலாம். இன்றைக்கு அந்தப் பெயரில் வேறு பொடி விற்பதை நிறுத்து என்று கேட்கலாம், முதல் நாள் எண்ணத்தைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அந்தச் செய்தியை எதிராளி இங்கே நீட்டினாலும் பயமில்லை, நம் ஊர் நீதிபதிக்கு அடியேன் என்றால் என்னவென்று தெரியும். வாய்தா வாங்கி வாங்கிச் செருப்புத் தேயும், அது வேறு விஷயம்.

பெயர்மாற்றப் பத்திரத்தையும் வழக்கு மனுவையும் ஒன்றாகவே தயார் செய்து எடுத்துப்போனேன். பத்திரத்தை வழக்கம்போலப் படித்துக் காட்டினேன். 'மேற்படி பெயரிலும் அதன் நன்மதிப்பிலும் எனக்குள்ள சகல உரிமைகளையும் எந்த மிச்சமும் வைக்காமல் இவருக்கு ஒப்படைக்கிறேன்.' மாமா தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை வாங்கினார்.

மாமி அவர் கைக்கு மேல் தன் கையை நீட்டித் தாளை மறைத்தார்.

"இது மரியாதைக்கு எழுதறதா, நிஜமாவா?"

மாமா பேனாவைப் பிடித்தபடியே, "நிஜமா" என்றார்.

மாமி கையை எடுத்துக்கொண்டார். மாமா கையெழுத்துப் போட்டார், சாட்சிக்காகக் கூட வந்திருந்த என் குமாஸ்தாவும் போட்டார். அடுத்து வழக்கு மனுவை மாமி முன்னால் வைத்தேன். அதிலும் கெட்ட எண்ணம் என்ற சொல் இருக்கிறது, எதிராளி பாகவதர்தான், பிறகு வருத்தப்படக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னேன். எந்த இடத்தில் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அதை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அழுத்திப் போட்டதில் அடியில் இருந்த தாளிலும் தடம் விழுந்திருந்தது. மாமா எழுந்து உள்ளே போய், எங்களுக்குக் காபி கலந்து எடுத்து வந்தார்.